சுங்கமும் மனச்சான்றும்

அயலவர் வளவில் விழுந்து கிடக்கும் தேங்காயை எடுத்துவரக் கூசும் மனிதர் யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் இன்றும் உளர். கடையிற் சில்லறை கூடுதலாகக் கிடைத்துவிட்டால் திரும்பிச் சென்று கொடுத்துவரும் வழக்கமும் முற்றாக அற்றுப்போய்விடவில்லை. ஆயின் அதே மனிதர், கட்டாரிலிருந்தோ இலண்டனிலிருந்தோ கப்பலில் வந்துசேரும் பெட்டியின் உள்ளடக்கத்தைச் சுங்கப் பத்திரத்திற் குறிப்பிடும்போது, புத்தம் புதிய மின்சாதனத்தைப் பாவித்த பழைய பொருளென எழுதுவதற்குச் சிறிதும் தயங்குவதில்லை. எழுதியபின் அவர் வருந்துவதுமில்லை; எவ்வாறு எழுதித் தப்பிக்கொண்டார் என்பதை விருந்தினர் முன்னிலையில் மகிழ்வோடு எடுத்துரைப்பார். கேட்போரும் அவரைக் கள்வரெனக் கருதார். கெட்டிக்காரர் என்றே மெச்சுவர்.

இவ்வேறுபாடு வெறும் போலித்தனமா, அன்றி அதனடியில் ஏதேனும் ஓர் அறவுணர்வு மறைந்துள்ளதா என்பது ஆராயத்தக்கது. பொதுமக்களின் அறவுணர்வைத் தத்துவம் பயில்வோர் எளிதில் தள்ளிவிடலாகாது. தேங்காய்க்கு உடையவர் ஒருவர் உண்டு. அவர் முகம் தெரியும். சுங்கத் தீர்வைக்கு உடையவர் யார்? கப்பலேறி வந்த பொருள் வாங்கியவரின் பணத்தில் வாங்கப்பட்டது. அது கரையைத் தொட்ட கணத்தில் அதன் ஒரு பங்கு அரசுக்குரியதாகிவிடுகிறது என்பதை எந்த நியாயம் கொண்டு நிறுவுவது? சுங்கம் ஏய்த்தலைத் திருட்டென்பவர் முதலில் இவ்வினாவுக்கு விடை கூறல் வேண்டும்.

பழைய சான்றுகளை நோக்குமிடத்து இவ்வினா புதியதன்று என்பது புலனாகும். பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கம் கொள்வோரைக் காட்டுகிறது. கடலினின்று நிலத்துக்கும் நிலத்தினின்று கடலுக்கும் செல்லும் பொதிகள்மீது சோழரின் புலிச்சின்னத்தைப் பொறிக்கும் அதிகாரிகள் அவர்கள். திருக்குறளின் பொருள் செயல்வகை என்னும் அதிகாரம், சுங்கத்தை ‘உல்கு’ என்ற சொல்லாற் குறித்து, அரசனுக்குரிய பொருள்களுள் ஒன்றாகக் கொள்கிறது. அங்கு உல்கு எவற்றோடு சேர்த்து எண்ணப்படுகிறது என்பது ஊன்றி நோக்கத்தக்கது. ஒருபுறம் உடையவரின்றி அரசனை வந்தடையும் பொருள். மறுபுறம் பகைவரை வென்று பெறும் திறை. முன்னையது தற்செயலாற் கிடைப்பது; பின்னையது வலிமையாற் கிடைப்பது. இவ்விரண்டிற்கும் இடையில் நிற்கும் உல்கு, வலிமையின் பயனா அன்றிச் செய்த காவலுக்குக் கூலியா என்பதைக் குறள் வெளிப்படையாகக் கூறவில்லை. முதலாம் குலோத்துங்கன் ‘சுங்கந் தவிர்த்த சோழன்’ எனப் புகழப்பட்டமையும் ஈண்டு நினைத்தற்குரியது. ஒரு வரியை நீக்கியதன்பொருட்டு மன்னனொருவன் பட்டப்பெயர் பெறுவானாயின், அவ்வரியை மக்கள் எத்துணைப் பாரமாக உணர்ந்திருத்தல் வேண்டும்!

ஈழத்துச் சான்றுகள் இதனினும் தெளிவானவை. அம்பாந்தோட்டைப் பகுதியிலுள்ள கொடவாயவிற் காணப்படும் பிராமிக் கல்வெட்டொன்று, அத்துறையிற் பெறப்பட்ட சுங்க வருமானத்தைக் கஜபாகு மன்னன் அங்குள்ள விகாரைக்கு வழங்கியதைக் கூறுகிறது. இது கி.பி. 2ஆம் நூற்றாண்டினதாகக் கொள்ளப்படுவது. வந்திறங்கிய வணிகன் எச்சமயத்தவனாயினும் அவனது சரக்கின் ஒரு பங்கு விகாரையின் செலவுக்குச் சென்றது. வரி எதற்குச் செலவாகிறது என்பது அன்றே ஒரு கேள்வியாக இருந்திருக்கும்.

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலிலுள்ள முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு இவ்வகையில் மிகுந்த பெறுமதியுடையது. 12ஆம் நூற்றாண்டில் ஆண்ட அம்மன்னன், பரதேசிகள் ஊராத்துறைக்கு வந்து சேரவேண்டும் என்றும் அவர்கள் பாதுகாக்கப்படவேண்டும் என்றும் அதிற் கட்டளையிடுகிறான். தொடர்ந்து, கலம் உடைந்தால் என்ன செய்வது என்பதற்கும் விதி வகுக்கிறான். யானை, குதிரை கொண்டுவந்த கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வாணிபச் சரக்குக் கொண்டுவந்த கலம் உடைந்தால் செம்பாகம் பண்டாரத்துக்கு, செம்பாகம் உடையவனுக்கு. அரசனின் படைக்கு வேண்டிய யானையும் குதிரையும் கொண்டுவருபவனுக்குச் சலுகை கூடுதல் என்பதிலிருந்து மன்னனின் கணக்கு விளங்குகிறது. புயலிற் கலம் இழந்து கரையேறியவனிடமிருந்து அவனது எஞ்சிய சரக்கிற் பாதியை எடுத்துக்கொள்வது இன்றைய நோக்கில் கொடுமையாகத் தோன்றலாம். ஆயின் அக்காலக் கடற்கரைகள் பலவற்றில் உடைந்த கலம் முழுவதும் அரசனுடையதாகவே கொள்ளப்பட்டது. ஆந்திரக் கரையில் மோட்டுப்பள்ளியில் 1244ஆம் ஆண்டளவிற் கல்வெட்டுப் பொறித்த காகதீய மன்னன் கணபதிதேவன், முன்னைய அரசர்கள் காற்றில் அடிபட்டு ஒதுங்கிய கலங்களின் சரக்கைக் கவர்ந்தனர் என்பதையும், தான் அவ்வாறு செய்யாது வரையறுத்த சுங்கத்தை மட்டுமே பெறுவான் என்பதையும் அதில் அறிவித்தான். கவர்தலுக்கும் சுங்கத்துக்கும் உள்ள வேறுபாடு அங்கு அரசனாலேயே உணரப்பட்டுள்ளது. அளவு முன்கூட்டியே அறிவிக்கப்பட்டிருத்தல், அனைவர்க்கும் ஒன்றாயிருத்தல், கொடுத்தவனுக்குக் காவல் கிடைத்தல் என்னும் இயல்புகளைக் கொண்டு வலியோன் செய்யும் பறிப்பு வரியாக மாறுகிறது. கல்லில் எழுதிவைத்ததன் நோக்கமும் அதுவே. கரையில் நிற்கும் அதிகாரி தன் விருப்பப்படி கேட்கமுடியாது.

மேற்கின் சிந்தனையாளரும் இப்பிரச்சினையில் ஒருமித்த கருத்தினரல்லர். 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானிய இறையியலாளர் சிலர், சில சட்டங்கள் மனச்சான்றைக் கட்டுப்படுத்துவன அல்ல என்றும், அகப்பட்டால் தண்டத்தைச் செலுத்தும் கடமையை மட்டுமே அவை விதிக்கின்றன என்றும் வாதித்தனர். சுங்கச் சட்டத்தை இவ்வகைக்குள் அடக்கியோரும் உளர். இக்கோட்பாட்டை நூலிற் படித்திராத கொழும்பு வணிகர் பலர் நடைமுறையில் இதனையே கைக்கொள்கின்றனர் எனலாம். இலங்கையின் 1869ஆம் ஆண்டு 17ஆம் இலக்கச் சுங்கக் கட்டளைச் சட்டம் கள்ளக்கடத்தலுக்குப் பொருளின் பெறுமதியைப் போல் மும்மடங்கு தண்டம் விதிக்க இடமளிக்கிறது. பத்துமுறையில் ஒருமுறை அகப்பட்டால் இலாபம், மூன்றுமுறை அகப்பட்டால் நட்டம் என்று கணக்கிடும் வணிகருக்குத் தண்டம் என்பது தண்டனையன்று. செலவுக் கணக்கில் இன்னுமொரு வரி. அறத்தை நிகழ்தகவுக் கணிதமாக்கிவிடும் இக்கோட்பாட்டின் குறை வெளிப்படை. அகப்படாதவன் குற்றவாளியல்லன் என்பது நீதிமன்றத்துக்குப் பொருந்தலாம். தன்னைத் தானே விசாரிக்கும் ஒருவருக்கு அது விடையாகாது.

இதற்கு நேர்மாறாக, மெதடிஸ்த இயக்கத்தின் தந்தையான ஜோன் வெஸ்லி 1767இல் கள்ளக்கடத்தற்காரரை நோக்கிச் சிறு பிரசுரமொன்று எழுதினார். ஒருவர் செலுத்தாத தீர்வையை ஈடுசெய்ய ஏனையோர்மீது வரி கூடுகிறது. ஆகவே கள்ளக்கடத்தற்காரர் அரசனிடம் மட்டுமன்றி நாட்டிலுள்ள நேர்மையாளர் அனைவரிடமும் திருடுகிறார் என்பது அவர் வாதம். ஒன்பது ஆண்டுகளின் பின் ‘நாடுகளின் செல்வ’த்தை வெளியிட்ட அடம் ஸ்மித்தின் நோக்கு வேறு. இயற்கை ஒருபோதும் குற்றமென வகுக்காத செயலொன்றைச் சட்டம் குற்றமாக்கியதாலேயே நல்ல குடிமகனாயிருந்திருக்கக்கூடிய ஒருவன் குற்றவாளியாகிறான் என அவர் கருதினார். வேடிக்கை யாதெனில், 1778இல் அதே அடம் ஸ்மித் ஸ்கொத்லாந்தின் சுங்க ஆணையாளருள் ஒருவராக நியமனம் பெற்றமையாகும். பதவியேற்றபின் தடைசெய்யப்பட்ட பொருள்களின் பட்டியலைப் படித்துப்பார்த்த அவர், தம் கழுத்துப்பட்டி முதல் கைக்குட்டை வரை பெரும்பாலானவை தடைப்பட்ட பொருள்களே எனக் கண்டு அவற்றை எரித்துவிட்டதாக 1780இல் நண்பரொருவருக்கு எழுதினார். உலகின் தலைசிறந்த பொருளியலறிஞரே தாம் உடுத்திருப்பது கள்ளச்சரக்கு என்பதை அறியாதிருந்தாரெனின், சட்டம் எந்த அளவுக்கு மக்கள் வாழ்விலிருந்து விலகிநின்றது என்பது விளங்கும். எனினும் அவர் பதவியைத் துறக்கவில்லை, ஆடைகளையே துறந்தார். இதனை முரண்பாடென்று எள்ளுவோர் உண்டு. சட்டத்தைத் தவறென்று வாதிப்பதும் அதனை மீறாதிருப்பதும் ஒருங்கே இயலும் என்பதற்கு அதுவே சான்றென்று கொள்ளுதல் பொருத்தமானது.

பாக்குநீரிணையின் இரு கரைகளுக்கும் இவ்விவாதம் ஏட்டளவினதன்று. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையிலான தூரம் சுமார் 30 கிலோமீற்றர். வல்வெட்டித்துறையின் பாய்க்கப்பல்கள் இந்தியாவுடனும் பர்மாவுடனும் பெருவணிகம் நடத்தியவை; அங்கிருந்து புறப்பட்ட ‘அன்னபூரணி’ 1938இல் ஐக்கிய அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம் வரை சென்றடைந்தது. இரு நாடுகளும் விடுதலை பெற்றபின் கடவுச்சீட்டும் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடும் இறக்குமதி அனுமதிப்பத்திரமும் இறுகிவரவே, தந்தை வணிகமெனச் செய்தது மகனின் காலத்திற் கள்ளக்கடத்தலாயிற்று. துணியும் பீடியிலையும் அங்கிருந்து வந்தன. தேங்காயெண்ணெயும் சவர்க்காரமும் இங்கிருந்து சென்றன. கடல் மாறவில்லை, படகு மாறவில்லை, பண்டமும் பெரிதும் மாறவில்லை, வர்த்தமானி மாறியது. ஆகவே தாம் செய்வது களவல்ல என அக்கரையோர மக்கள் கருதியதில் ஒரு நியாயம் உண்டு. ஆயின் அது பாதி நியாயமே.

மற்றைப் பாதியைக் காண அதே தீபகற்பத்தின் செம்மண் தோட்டங்களுக்குச் செல்லவேண்டும். 1970 முதல் 1977 வரை இறக்குமதிகள் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டபோது, செத்தல் மிளகாயும் வெங்காயமும் பயிரிட்ட யாழ்ப்பாண விவசாயி முன்னொருபோதும் காணாத வருமானத்தைக் கண்டார். கல்வீடுகள் எழுந்தன; நீரிறைக்கும் இயந்திரங்கள் வாங்கப்பட்டன. 1977இன் பின் சந்தை திறந்துவிடப்பட்டதும் அவ்வளம் சரிந்தது. ஒருவருக்குச் சங்கிலியாகத் தோன்றிய அதே சட்டம் மற்றவருக்கு வேலியாக நின்றது என்பதே உண்மை. சுங்கம் என்பது அரசுக்கும் கடத்துபவருக்கும் இடையிலான இருவர் வழக்கு எனக் கொள்வோர் இந்த மூன்றாமவரை மறந்துவிடுகின்றனர். வெஸ்லிகூட வரி செலுத்துவோரைக் கண்டாரேயன்றிப் பயிர் செய்வோரைக் காணவில்லை.

அண்மைக்கால உதாரணமொன்று இதனைக் கூர்மையாகக் காட்டும். 2020ஆம் ஆண்டளவில் அந்நியச் செலாவணியைச் சேமிக்கவும் உள்ளூர்ச் செய்கையை ஊக்குவிக்கவும் எனக் கூறி மஞ்சள் இறக்குமதி நிறுத்தப்பட்டது. கிலோ ஒன்றின் விலை ஆயிரக்கணக்கான ரூபாவாக ஏறியது. அரிசிமாவும் கோதுமைமாவும் கலந்த மஞ்சள்தூள் கடைகளுக்கு வந்தது. திருமணத்துக்கும் பூசைக்கும் கறிக்கும் வேண்டிய பொருள், சில மாதங்களுக்குள் போதைப்பொருளுக்கு அடுத்தபடியாகக் கடற்படையின் கைப்பற்றற் செய்திகளில் இடம்பெறலாயிற்று. தமிழகக் கரையிலிருந்து மன்னார், கற்பிட்டிப் பகுதிகளுக்கு மூட்டை மூட்டையாக மஞ்சள் வந்தது. கைப்பற்றப்பட்ட மஞ்சள் அழிக்கப்பட்டதும் உண்டு. கிழங்கு ஊன்றி அறுவடைக்கு எட்டு, ஒன்பது மாதம் செல்லும் பயிர் அது. தடை அறிவிக்கப்பட்ட மறுநாளே நாட்டின் தேவை உள்ளூரிற் பூர்த்தியாகும் என எதிர்பார்த்தவர் பயிர்ச்செய்கையை அறியாதவராதல் வேண்டும். ஆகவே தடை மதியீனமானது எனலாம். எனினும் அத்தடையை நம்பிக் கடன்பட்டு விதைக்கிழங்கு வாங்கி ஊன்றிய ஒருவர் இருந்தார். அவர் அறுவடை செய்யும்போது இரவுப்படகில் வந்த மஞ்சள் அவர் விலையை வீழ்த்துமாயின், அவர் இழந்தது அரசின் பணமன்று. அவரது சொந்த உழைப்பு.

இங்கு வேறொரு கடற்கரை நிகழ்வை ஒப்பிட்டு நோக்குதல் பயன் தரும். 1930 ஏப்ரலில், காந்தியடிகள் தண்டியில் உப்பெடுத்த அதே மாதத்தின் இறுதியில், திருச்சியிலிருந்து நடந்துசென்ற இராஜாஜி வேதாரணியத்தில் உப்பெடுத்துச் சிறை சென்றார். வேதாரணியம் யாழ்ப்பாணக் கரைக்கு நேரெதிரே கிடப்பது. அக்கரையோரத்தில் அரசின் வரிச்சட்டத்தை மீறியோர் இருவகையினர்: பகலில் மீறியோர், இரவில் மீறியோர். பகலில் மீறியவர் நாளையும் இடத்தையும் முன்கூட்டியே அறிவித்தார். கையை நீட்டி விலங்கை ஏற்றார். அச்சட்டம் அநீதியென அனைவருக்கும் எடுத்துரைப்பதே அவர் நோக்கம். இரவில் மீறியவருக்கோ சட்டம் நீங்கிவிடுவதில் விருப்பமே இல்லை. தடை நீங்கிவிட்டால் அவர் இலாபமும் நீங்கிவிடும். ஜேர்மனியத் தத்துவஞானி இமானுவேல் கான்ற் 1795இல் வெளியிட்ட ‘நிலையான சமாதானம்’ பற்றிய நூலில் ஓர் அளவுகோலை முன்வைத்தார். பிறர் உரிமையைத் தொடும் ஒரு செயலின் கோட்பாட்டை வெளிப்படையாக அறிவிக்க இயலாதெனின் அச்செயல் நீதியற்றது என்பது அதன் சாரம். இவ்வளவுகோலின்படி பகலில் மீறியவர் தேறுகிறார். இரவில் மீறியவர் தேறவில்லை.

ஆயின் அவ்வளவு எளிதில் இவ்விடயத்தை முடித்துவிட ஈழத்தமிழரின் அனுபவம் இடந்தராது. 1990களில் வடபகுதிக்கு விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையின்போது எரிபொருள், மின்கலங்கள், உரம், சீமெந்து முதலியன தடைசெய்யப்பட்ட பொருள்களாயின. உள்நாட்டுக்குள்ளேயே ஒரு சுங்க எல்லை எழுந்தது எனலாம். வவுனியாவிற் பொதிகள் அவிழ்த்துச் சோதிக்கப்பட்டன. வானொலிக்கு வேண்டிய இரண்டு மின்கலங்களைத் துணிகளுக்கிடையே மறைத்து, கிளாலிக் கடனீரேரியை இரவிற் படகிற் கடந்துவந்த மூதாட்டி செய்தது அறமீறலா? அவர் மறைத்தார் என்பது உண்மை. பகலிற் செய்யவில்லை என்பதும் உண்மை. எனினும் அவரைக் குற்றவாளியென எந்த மனச்சான்றும் கூறாது.

இம்முரண்பாட்டை நீக்கும் வழி, மறைக்கப்படுவது செயலா காரணமா எனப் பிரித்தறிதலாகும். மூதாட்டி செயலை மறைத்தார், காரணத்தை மறைக்கவில்லை. ‘வீட்டில் விளக்கில்லை, செய்தி கேட்க வழியில்லை’ என்பதை அவர் எவர் முன்னிலையிலும் கூறலாம். சோதனைச்சாவடியில் நின்ற இளம் சிப்பாயிடம் கூறினாலும் அவன் தலைகுனிவானேயன்றி மறுத்துரைக்க மாட்டான். மஞ்சள் வணிகரின் நிலை அதுவன்று. ‘தடையால் விலை ஏறியுள்ளது, தடையை நீ மதிப்பதாலேயே எனக்கு இலாபம்’ என்னும் தம் காரணத்தை, தோட்டத்தில் நிற்கும் விவசாயியிடமோ, தீர்வை செலுத்தி நட்டப்பட்ட சக வணிகரிடமோ அவர் வாய்விட்டுக் கூறமுடியாது. ஆகவே கான்றின் அளவுகோலைச் சற்றே திருத்தி, இச்செயலால் இழப்படையும் மனிதரிடம் செயலின் காரணத்தைச் சொல்லமுடியுமா எனக் கேட்பதே பொருத்தம் எனத் தோன்றுகிறது. அரசு என்னும் முகமற்ற ஒன்றை விட்டு, முகமுடைய மனிதரிடம் இவ்வினா கொண்டுபோய் நிறுத்துகிறது. தேங்காய்க்கு உடையவர் இருந்ததுபோலச் சுங்கத்துக்கும் உடையவர் உளர்; அவர் தொலைவில் நிற்பதால் தெரியவில்லை.

படகிற் கடத்துவோரையே இதுவரை நோக்கியாயிற்று. கொழும்புத் துறைமுகத்திற் பெரும்பகுதிக் குற்றம் படகில்லாமலே நிகழ்கிறது. பேனாவே அதற்குப் போதும். கப்பல் வருமுன்பே அதன் சரக்குப் பட்டியல் சுங்கத்தை வந்தடைகிறது. இறக்குமதியாளர் விலைச்சிட்டை, பொதிப் பட்டியல், கப்பற் சரக்குச் சான்று என்பவற்றோடு சுங்கப் பிரகடனத்தைச் சமர்ப்பிக்கிறார். பொருளின் வகை, அளவு, பெறுமதி, புறப்பட்ட நாடு ஆகியவற்றை அவரே அறிவிக்கிறார். வந்திறங்கும் கொள்கலன்கள் அனைத்தையும் திறந்துபார்ப்பது இயலாத காரியம்; அவ்வாறு செய்தால் துறைமுகம் ஒரே நாளில் முடங்கிவிடும். ஆதலின் இம்முறை முழுவதும் அறிவிப்பவரின் சொல்லை நம்பியே இயங்குகிறது. புலிச்சின்னம் பொறித்த காலத்தில் அதிகாரி பொதியைக் கண்ணாற் கண்டார். இன்று அதிகாரி காண்பது காகிதத்தை. அதனினும் பெரும்பாலும் கணினித் திரையை. ஆகவே இரண்டு விலைச்சிட்டை வைத்திருந்து குறைந்ததைச் சமர்ப்பிப்பவர், இரவுப்படகுக்காரரைவிடக் கூடுதலான குற்றம் புரிகிறார் எனலாம். படகுக்காரர் நம்பும்படி எவரையும் கேட்கவில்லை. மற்றவரோ நம்பும்படி கேட்டுக் கையொப்பமும் இட்டுவிட்டுப் பொய்யுரைக்கிறார். ஊரார் மதிப்பீடு இதற்கு எதிர்மாறாக இருப்பது விந்தையே: முன்னவர் கள்ளக்கடத்தற்காரர், பின்னவர் தொழிலதிபர்.

நேர்மையான கருத்து வேறுபாடு பொய்யாகாது என்பதையும் ஈண்டு கூறல் வேண்டும். உலக நாடுகள் பெரும்பாலானவை 1988இல் நடைமுறைக்கு வந்த இணக்கப்படுத்திய குறியீட்டு முறையின்படி பொருள்களை வகைப்படுத்துகின்றன. ஆனால் ஒரு பொருள் எது என்பதே சிலவேளை பெரும் தத்துவச் சிக்கலாகிவிடும். தக்காளி பழமா மரக்கறியா என்னும் வழக்கு நியூயோர்க் துறைமுகத்திலிருந்து ஐக்கிய அமெரிக்காவின் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. தாவரவியலில் அது பழமாயினும் உணவுமேசையில் மரக்கறியே என 1893இல் அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மரக்கறிக்கே அப்போது தீர்வை இருந்தது. 2003இல் சித்திரக்கதை வீரரின் உருவங்கள் மனிதப் பொம்மைகளா வெறும் விளையாட்டுப் பொருள்களா என்ற வழக்கில், அவை மனிதரைக் குறிப்பனவல்ல என அந்நாட்டு நீதிமன்றமொன்று கண்டது. அரிஸ்ரோட்டில் வகுத்த பதார்த்தங்கள் சுங்கத் திணைக்களத்திற் சம்பளத்துக்கு வேலை செய்கின்றன போலும். இத்தகைய வாதங்களில் எவரும் எதனையும் மறைக்கவில்லை. பொருளை மேசைமீது வைத்தே வாதிட்டனர்.

மறைத்ததன் விளைவு யாது என்பதை 2019இல் இலங்கை கண்டது. பாவித்த மெத்தைகள், விரிப்புகள் என்னும் பெயரிற் பிரித்தானியாவிலிருந்து வந்த கொள்கலன்களிற் கழிவுப்பொருள்கள் இருந்தமை அவ்வாண்டில் வெளிப்பட்டது. வைத்தியசாலைக் கழிவுகளும் அவற்றுள் அடங்கியிருந்தன எனச் சுங்கம் தெரிவித்தது. வழக்காடி, 263 கொள்கலன்களுள் இறுதித் தொகுதி திருப்பியனுப்பப்பட்டபோது 2022 பெப்ரவரி ஆகிவிட்டது. இங்கு இழக்கப்பட்ட தீர்வை ஒரு பொருட்டேயன்று. தன் எல்லைக்குள் எது வருகிறது என்பதை அறியும் உரிமை ஒரு சமூகத்துக்கு உண்டு, அவ்வுரிமையே மீறப்பட்டது. கௌடலீயர் அர்த்தசாத்திரத்தில் நாட்டுக்குத் தீங்கு தரும் பண்டங்களைத் தடுக்கவும், பெரும்பயன் தருவனவற்றையும் கிடைத்தற்கரிய விதைகளையும் சுங்கமின்றி விடவும் விதித்தபோது, சுங்கச்சாவடி வருமானத்துக்கு மட்டும் உரியதன்று என்பதை உணர்ந்திருந்தார். திருமணத்துக்கும் வேள்விக்கும் உரிய பொருள்களுக்கும் அவர் விலக்களித்தார். மஞ்சளைத் தடுத்தவர்கள் அப்பகுதியைப் படித்திருக்கலாம்.

இனி, மிகக் கடினமான மறுப்பொன்று எஞ்சியுள்ளது. அரசே இவ்வளவுகோலிற் தேறுமா? இலங்கையின் வரி வருமானத்திற் பெரும்பகுதி மறைமுக வரிகளாலானது. பருப்புக்கும் சீனிக்கும் விதிக்கப்படும் வரியைத் தோட்டத் தொழிலாளியும் கோடீசுவரரும் ஒரே அளவிற் செலுத்துகின்றனர். 2007ஆம் ஆண்டின் விசேட பண்ட அறவீட்டுச் சட்டத்தின்கீழ் அவ்வரி ஒரே இரவில் வர்த்தமானி மூலம் மாறக்கூடும். 2020 ஒக்டோபர் 13இல் சீனி கிலோ ஒன்றுக்கான அறவீடு 50 ரூபாவிலிருந்து 25 சதமாகக் குறைக்கப்பட்டது. கடையில் அதற்கேற்ப விலை குறையவில்லை. அரசு இழந்த வருமானம் 1,500 கோடி ரூபாவுக்கு மேற்பட்டதெனக் கணக்கிடப்பட்டது. இறக்குமதியாளர் எவரும் இதற்காகப் பொய்ப் பிரகடனம் செய்யவேண்டியிருக்கவில்லை, படகோட்டவேண்டியிருக்கவில்லை. சட்டம் அவர்களுக்காகத் தானே வளைந்துகொடுத்தது. அதே காலத்தில் மன்னார்க் கரையில் மஞ்சள் மூட்டையோடு அகப்பட்டவர் விளக்கமறியலில் இருந்தார். மோட்டுப்பள்ளிக் கல்லில் எழுதப்பட்டது போன்ற நிலையான அளவு இங்கு எங்கே?

இதனைக் கண்டு ‘அரசே களவு செய்யும்போது குடிமகன் ஏன் கூசவேண்டும்’ எனக் கேட்போரின் சினம் நியாயமானது, முடிவு நியாயமானதன்று. சுங்கம் செலுத்தும் கடமை அரசன்மீதுள்ள பக்தியிலிருந்து எழுவதாயின், அரசன் கெட்டால் கடமையும் கெடும். அது சக வணிகருக்கும் விவசாயிக்கும் நுகர்வோருக்கும் உரிய கடமையாயின், அரசு கெட்டமையால் அவர்களுக்குரியது இல்லாமற் போய்விடாது. சீனி வர்த்தமானியால் ஒருமுறை பறிகொடுத்த மக்களே அக்கடத்தலால் மறுமுறையும் பறிகொடுக்கின்றனர். ஆயினும் குற்றத்தின் பாரம் இருவர்மீதும் ஒரே அளவில் விழுவதில்லை. ஆயிரம் ரூபா மஞ்சளைக் கடத்திய மீனவரைச் சிறையிடும் சட்டம், வர்த்தமானி எழுதிய கையை விசாரிக்கத் தயங்குமாயின், அம்மீனவரை நோக்கி அறம் பேசும் தகுதியை அது பெரிதும் இழந்துவிடுகிறது. அவர் செய்தது சரியாகிவிட்டது என்பதன்று இதன் பொருள். அதனை அவருக்கு எடுத்துக்கூறும் வாய் இவர்களுடையதாக இருக்கமுடியாது என்பதே. கைப்பற்றிய பொருளின் தண்டத்தில் ஒரு பகுதி கண்டுபிடித்த அதிகாரிகளுக்கே வெகுமதியாகப் பகிரப்படும் நெடுங்கால வழக்கமும் அத்தகுதியை வளர்ப்பதன்று.

கட்டாரிலிருந்து வந்த பெட்டிக்குரியவரின் குற்றம் இவையனைத்திலும் சிறியது. வெயிலில் வெந்து உழைத்தவர் குடும்பத்துக்கு அனுப்பிய பொருள் அது. இழப்படைந்தோரைத் தேடினால் ஒருவருக்குச் சில சதம்கூடத் தேறாது. அவரை இடித்துரைப்பது எளிது, பயன் குறைவு.

சுங்க முகவரிடம் பணிபுரியும் துறைமுக எழுதுநரின் நிலையே உண்மையிற் சங்கடமானது. பிரகடனங்களை நிரப்புபவர் அவர். கொள்கலனுள் இருப்பதை அவர் கண்டதில்லை. முதலாளி தந்த விலைச்சிட்டையை மட்டுமே கண்டவர். விலை நம்பமுடியாத அளவுக்குக் குறைந்திருப்பதை அனுபவத்தால் உணர்கிறார். பொய்யென நிறுவ அவரிடம் சான்றில்லை; மெய்யென நம்பவும் இயலவில்லை. அவர் மறுத்தால் அடுத்த மேசையிலிருப்பவர் நிரப்புவார். ‘எப்படியும் நடக்கப்போவதுதானே’ என்பது அவருக்குக் கிடைக்கும் ஒரே ஆறுதல். இழப்படைந்தவர் முன்னிலையில் அதனைக் காரணமாகச் சொல்லமுடியாது என்பதையும் அவர் அறிவார். முதலாளியிடம் மூலக் கடிதங்களையும் வங்கிப் பத்திரங்களையும் கேட்கலாம். கேட்டதனாலேயே அவ்வாடிக்கையாளர் அடுத்த வாரம் வேறொரு முகவரை நாடிச் செல்லக்கூடும். அம்மாதத்து வருமானத்தில் ஏற்படும் குறைவை எவரும் அவருக்கு ஈடுசெய்யப்போவதில்லை.